பங்கு முதலில், இயக்கம் பிறகு: ஸ்ரீதரின் தொழில்வாழ்க்கை – ஒரு நிகழ்வு ஆய்வு

1959-ல் 'கல்யாண பரிசு' வெளியானபோது அதை எழுதி இயக்கிய சி.வி. ஸ்ரீதருக்கு வயது 25. அதற்குள் வசனகர்த்தாவாக ஐந்து ஆண்டு அனுபவம் இருந்தது. எழுத்தாளர்கள் இயக்க வந்தது தமிழில் அதற்கு முன்பும் உண்டு, பின்பும் உண்டு. ஆனால் எழுத்திலிருந்து இயக்கத்துக்கு ஒருவர் எப்படி வந்து சேர்கிறார், அங்கே எப்படி முப்பது ஆண்டுக்கு மேல் நிற்கிறார், எங்கே சறுக்குகிறார் என்பதை ஒரே வாழ்க்கையில் வைத்துப் பார்க்க ஸ்ரீதரைப் போல வசதியான உதாரணம் வேறு இல்லை.

அவருடைய வசனத்தைப் பற்றியும் முக்கோணக் காதலைப் பற்றியும் நிறையப் பேசியாகிவிட்டது. இந்த ஆய்வு பார்ப்பது வேறொன்றை. செட்டு, கால்ஷீட் (நடிகர் ஒதுக்கித் தரும் நாட்கள்), ஃபிலிம், நாள் கணக்கு என்று தயாரிப்பாளர் மண்டையை உடைத்துக்கொள்ளும் விஷயங்களை ஸ்ரீதர் கதை எழுதும் மேஜையிலேயே முடித்துக்கொண்டார். அவருடைய நல்ல காலம் முழுவதும் இந்தப் பழக்கத்தில் நின்றது. கெட்ட காலமும் இந்தப் பழக்கம் விட்டுப்போன இடத்தில்தான் வந்தது.

எழுத்துக்கு விலை ஏறிய ஐந்து ஆண்டுகள்

தொடக்கம் நாடகம். அவர் எழுதிய 'ரத்த பாசம்' நாடகத்தை டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றினார்கள். 1954-ல் அதுவே படமானது. அதே ஆண்டு 'எதிர்பாராதது' வந்தது. காதலன் இறந்துவிட்டதாக எல்லோரும் நம்ப, காதலி சூழ்நிலையால் அவனுடைய தந்தைக்கே மனைவியாகிறாள். பிறகு அவன் உயிரோடு திரும்புகிறான். ஒரே வரியில் சொன்னாலே கேட்பவர் நிமிர்ந்து உட்காரும் முடிச்சு அது. தெலுங்கிலும் போனது. 1957-ல் எல்.வி. பிரசாத் இயக்க, ராஜ் கபூரும் மீனா குமாரியும் நடித்து 'சாரதா' என்று இந்திக்கும் போனது.

தொழில் கணக்கில் இதன் பொருள் பெரிது. அன்றைய தமிழ்ப்படத்தில் எழுத்தாளனின் மதிப்பு பெரும்பாலும் வசனத்தில் இருந்தது. அடுக்குமொழி வசனம் கைதட்டல் வாங்கும், ஆனால் மொழி தாண்டாது. இந்திக்குப் போகும்போது அதில் ஒரு வரிகூட மிஞ்சாது. மிஞ்சுவது சூழ்நிலையின் பின்னல் மட்டும். ஸ்ரீதரின் சரக்கு அந்தப் பின்னல்தான் என்பது அவர் இயக்குநர் ஆவதற்கு முன்பே சந்தையில் நிரூபணமாகிவிட்டது. ஒரு கதையை மூன்று மொழியில் விற்கக்கூடிய எழுத்தாளன் முதலீடு செய்பவன் கண்ணுக்கு வெறும் கூலிக்காரன் அல்ல.

அடுத்த அடி இன்னும் முக்கியமானது. எஸ். கிருஷ்ணமூர்த்தி, டி. கோவிந்தராஜன் இருவரோடும் சேர்ந்து வீனஸ் பிக்சர்ஸில் ஸ்ரீதர் பங்குதாரர் ஆனார். 1956-ல் 'அமர தீபம்', 1958-ல் 'உத்தம புத்திரன்'. இரண்டுக்கும் எழுத்து அவருடையது, இரண்டையும் இயக்கியவர் டி. பிரகாஷ் ராவ். அதாவது பங்குதாரரான உடனே அவர் இயக்குநர் நாற்காலியில் போய் உட்காரவில்லை. சிவாஜி கணேசன் நடித்த இரண்டு பெரிய படங்களை வேறொருவர் கையில் கொடுத்து, எழுதிய பக்கம் எப்படி ஷாட்டாக மாறுகிறது, எந்தக் காட்சி எத்தனை நாளைத் தின்கிறது என்று முதலாளியின் கணக்குப் புத்தகம் வழியாகவே பார்த்துக்கொண்டார். 'உத்தம புத்திரன்' இரட்டை வேடப் படம். ஒரே நடிகர் ஒரே சட்டத்தில் இரண்டு முறை வரவேண்டுமென்றால், கேமரா அசையாமல், பாதியை மறைத்து ஒரு முறை, மறுபாதியை மறைத்து இன்னொரு முறை என்று அதே ஃபிலிமில் எடுக்கவேண்டும். பேப்பரில் அரைப் பக்கமாக இருக்கும் காட்சி தளத்தில் முழு நாளாகிவிடும். எழுதும்போதே இதை எண்ணிப் பார்க்கிறவர் குறைவு.

எழுத்தாளர்கள் இங்கேதான் வழக்கமாகத் தடுக்கி விழுகிறார்கள். கதையை விற்றுவிட்டு, பிறகு "நானே இயக்குகிறேன்" என்று கேட்பார்கள். விற்ற பிறகு கேட்க உரிமை இல்லை. கையில் இருப்பது கதை ஒன்றுதான் என்றால், அதன் உரிமை கைமாறுவதற்கு முன்பு மட்டுமே பேரம் பேச முடியும். ஸ்ரீதர் அந்தப் பேரத்தைப் பேசவே வேண்டியிருக்கவில்லை. கதையும் அவருடையது, கம்பெனியிலும் பங்கு இருந்தது.

முதல் படத்துக்குத் தேர்ந்த கதை

'கல்யாண பரிசு' கதையைப் பிரித்துப் போட்டுப் பாருங்கள். ஒரு நடுத்தரக் குடும்பத்து வீடு. அக்கா, தங்கை. குடிவந்த இளைஞன். அவனும் தங்கையும் காதலிக்கிறார்கள். அக்காவும் அவனை விரும்புவது தெரிந்ததும் தங்கை ஒதுங்கிக்கொள்கிறாள். அரண்மனை இல்லை, கத்திச் சண்டை இல்லை, கூட்டம் இல்லை. முதல் படம் இயக்குபவர் கையாளக்கூடிய அளவில், மூன்று முகங்களும் சில அறைகளும்தான். ஜெமினி கணேசன், சரோஜாதேவி, விஜயகுமாரி. ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட். இசைக்கு, பாடகராக எல்லோருக்கும் தெரிந்திருந்த ஏ.எம். ராஜாவைத் தமிழில் இசையமைப்பாளராக்கினார். பாடல்கள் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்.

எழுத்தாளர் இயக்குநரானதன் பலன் இரண்டு இடங்களில் துலக்கமாகத் தெரிகிறது. ஒன்று, தீபாவளிப் பாட்டு. ஒரே மெட்டு ஒரு முறை மகிழ்ச்சியாகவும் பிறகு வேறு குரலில் சோகமாகவும் வருகிறது. இரண்டாவது முறை வரும்போது, இடையில் இழந்தது எவ்வளவு என்பதை வசனத்தில் சொல்லவேண்டியதில்லை; மெட்டே சொல்லிவிடுகிறது. பாட்டை இசையமைப்பாளரிடம் தனியாக ஒப்படைத்துவிட்டு, வந்த பிறகு கதையில் இடம் தேடுகிறவர்களால் இதைச் செய்ய முடியாது. பாட்டின் இடமும் அது மறுபடி வரும் இடமும் சீன் ஆர்டரிலேயே இருக்கவேண்டும்.

இரண்டாவது, தலைப்பு. தங்கைக்கு வேறொருவரோடு மணமாகும் இடத்துக்கு நாயகன் தாமதமாக வந்து, இறந்துபோன அக்காவின் குழந்தையைத் திருமணப் பரிசாகக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். தலைப்பின் பொருள் கடைசிக் காட்சியில்தான் திறக்கிறது. இந்த முடிவை முதலில் வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கட்டப்பட்ட கதை இது என்றே தோன்றுகிறது. குழந்தை வேண்டும் என்பதால் அக்காவோடு திருமணம் நடந்தாகவேண்டும், பரிசாகக் கொடுக்கவேண்டும் என்பதால் அக்கா இறந்தாகவேண்டும், தாமதமாக வரவேண்டும் என்பதால் தங்கை காணாமல் போயிருக்கவேண்டும். ஒவ்வொரு திருப்பமும் கடைசிக் காட்சிக்குக் கடன்பட்டிருக்கிறது.

இந்தப் பாரத்துக்கு நடுவே சிரிப்பு வேண்டும். பள்ளிக்கால நண்பர் கோபு எழுதிய, நகைச்சுவை நடிகர் தங்கவேலு வரும் பகுதி அதற்காக. வேலையே இல்லாமல் பெரிய எழுத்தாளன், பெரிய கம்பெனி என்று மனைவியிடம் அளக்கும் கணவன். இதிலும் ஒரு தொழில்கணக்கு இருக்கிறது. தனக்கு எது வராது என்று தெரிந்து, அதை வரக்கூடியவரிடம் கொடுப்பது. 'கதை, வசனம், டைரக்‌ஷன்' என்று மூன்றையும் தன் பெயரில் போட்டுக்கொள்ளும் ஆசையில் நகைச்சுவையையும் தானே எழுதிக் கெடுத்த இயக்குநர்கள் உண்டு.

பிறகு தெலுங்கில் 'பெள்ளி கானுக' (1960), இந்தியில் 'நஸ்ரானா' (1961). இரண்டையும் ஸ்ரீதரே இயக்கினார். வசனம் மொழி தெரிந்தவர் எழுதிக்கொள்ளலாம். காட்சி வரிசையும் ஷாட் பிரிப்பும் ஏற்கெனவே ஒருமுறை சோதித்துப் பார்த்தவை. ஒரு கதைக்குச் செலவிட்ட சிந்தனை மூன்று முறை சம்பாதித்தது.

ஒரே செட்டில் ஒரு படம்

1961-ல் 'தேன் நிலவு' மூலம் சித்ராலயா என்ற சொந்த நிறுவனம் தொடங்கியது. முதல் படத்துக்கே காஷ்மீர் வரை போனார்கள். அடுத்த ஆண்டு அதற்கு நேர் எதிராக, ஒரு மருத்துவமனை செட்டை விட்டு ஏறக்குறைய வெளியே வராத 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. ஒரு மாதத்துக்குள் எடுத்து முடித்தார்கள் என்பது இன்றுவரை வியந்து சொல்லப்படுகிறது. வியப்பதை விட, எப்படி முடிந்தது என்று பார்ப்பது பயன்.

35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம். நொடிக்கு 24 பிரேம். ஆக ஒரு நிமிடம் என்பது 90 அடி. இரண்டரை மணி நேரப் படம் என்று வைத்துக்கொண்டால் 13,500 அடி. 28 நாளில் முடிக்கவேண்டுமென்றால் நாள் ஒன்றுக்கு 480 அடிக்கு மேல், அதாவது ஐந்து நிமிடத்துக்கும் கூடுதலாக, இறுதிப் படத்தில் நிற்கப்போகும் காட்சி கிடைத்தாகவேண்டும். ஒரு நாளில் இரண்டு நிமிடம் உருப்படியாகக் கிடைத்தாலே நல்ல நாள் என்று சொல்லும் தொழில் இது.

இந்த வேகம் தளத்தில் விரட்டி வேலை வாங்குவதால் வராது. கதையில் எழுதப்பட்டிருக்கவேண்டும். கதை இது: புற்றுநோயாளியான கணவன். அவனை அழைத்துவரும் மனைவி. சிகிச்சை செய்யவேண்டிய டாக்டரோ அவளுடைய பழைய காதலன். தான் பிழைக்கமாட்டோம் என்று நினைக்கும் கணவன், தனக்குப் பிறகு அவளை மணந்துகொள்ளும்படி டாக்டரிடமே கேட்கிறான். அறுவை சிகிச்சை நடக்கிறது. நோயாளி பிழைக்கிறான், டாக்டர் இறந்துபோகிறார்.

இதில் யாரும் எங்கும் போகவேண்டிய அவசியமில்லை. நோயாளி படுக்கையை விட்டு நகர முடியாது. மனைவி நோயாளியை விட்டு நகரமாட்டாள். டாக்டரின் வேலையே அங்கேதான். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டதால் கடிகாரமும் தானாக ஓடுகிறது. எழுத்தாளர் கதாபாத்திரங்களைக் கட்டிடத்துக்குள் அடைத்துப் போட்டதாகத் தோன்றவில்லை. அவர்களுடைய நிலைமையே அவர்களை அங்கே பிடித்துவைக்கிறது. ஒரே இடத்தில் நடக்கும் கதை எழுத முயல்கிறவர்கள் முதலில் தவறுவது இங்கேதான். ஆட்கள் எழுந்து வெளியே போய்விடலாமே என்று பார்ப்பவருக்கு ஒருமுறை தோன்றிவிட்டால், அந்தக் கதை அங்கேயே முடிந்தது.

இதனால் தளத்தில் கிடைத்த லாபங்களைப் பாருங்கள். செட் பிரித்து மறுசெட் போடும் நாட்கள் இல்லை. அறைக்கும் நடைக்கும் போட்ட விளக்குகளை மேலே அப்படியே விட்டுவிட்டு, அடுத்த நாள் சிறு மாற்றத்தோடு தொடரலாம். உடை மாற்றம் சொற்பம்: டாக்டருக்கு வெள்ளைக் கோட்டு, நர்ஸுக்குச் சீருடை, நோயாளிக்கு ஒரே உடை. உடையும் சிகையும் மாறாததால் கன்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததுக்கும் உள்ள தொடர்ச்சி, பிசகும் வாய்ப்பும் குறைவு. காட்சிகளை ஏறக்குறைய கதை வரிசைப்படியே எடுக்கலாம். வரிசைப்படி எடுத்தால் நடிகரிடம் "இது எந்த மனநிலை" என்று ஒவ்வொரு முறையும் விளக்கவேண்டாம். மழை, வெயில், வேடிக்கை பார்க்கும் கூட்டம் ஆகிய மூன்று பகைகளும் உள்ளே வராது.

கல்யாண் குமார், தேவிகா, முத்துராமன் மூவரும் நல்ல நடிகர்கள்; அன்றைய உச்ச நட்சத்திரங்கள் அல்ல. ஒரு மாதம் மூவரையும் ஒரே தளத்தில் சேர்த்துவைக்க முடிந்ததற்கு அதுவும் காரணம். கால்ஷீட்டைத் துண்டு துண்டாகத் தரும் பெரிய நடிகர் ஒருவர் இருந்திருந்தால் இந்தத் திட்டம் முதல் வாரத்திலேயே உடைந்திருக்கும்.

ஒரே இடம் என்றால் கண் சலித்துப்போகும். அதற்கு மருந்து வின்சென்டின் கேமரா. மறுமணம் செய்துகொள் என்று கணவன் சொன்னதும் மனைவி பாடும் பாட்டு அந்த அறைக்குள்ளேயே நடக்கிறது. கேமரா கட்டிலுக்கு அடியிலும் புகுந்து போகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் எட்டு கோணம் பிடிக்கவேண்டுமானால், எடுத்துவிடக்கூடிய சுவரும் தாழ்ந்த ட்ராலிக்கு வழியும் செட்டைப் போடும்போதே யோசித்திருக்கவேண்டும். கலை இயக்குநர் கங்காவும் வின்சென்டும் கதை பேசும் கட்டத்திலேயே உடன் இருப்பதன் மதிப்பு இது.

1962-ல் 'சுமைதாங்கி', பி.எஸ். ராமையாவின் நாடகத்திலிருந்து 'போலீஸ்காரன் மகள்', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என்று மூன்று படங்கள். 1963-ல் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' கதையை 'தில் ஏக் மந்திர்' என்று இந்தியில் தானே இயக்கினார்.

1964

அந்த ஆண்டு வந்த இரண்டு படங்களில் ஒன்று 'கலைக்கோவில்'. வீணைக் கலைஞனைப் பற்றிய படம், தோற்றது. இசையைப் பற்றிய படங்களுக்குப் பொதுவாக ஒரு சிக்கல் உண்டு. கலைஞனின் போராட்டம் உள்ளே நடக்கிறது. திரையில் தெரிவது வாசிக்கும் விரல்கள். அதற்கு எதிராக வலுவான ஆள் ஒருவர் இல்லையென்றால் காட்சி நகராது.

மற்றொன்று, அதற்கு முன்பே வந்த 'காதலிக்க நேரமில்லை'. பாதுகாப்பான அழுகைப் படத்திலேயே நின்றுவிடாமல், அழுகையே இல்லாத படத்தை ஈஸ்ட்மன் கலரில் எடுத்தார். புராணம், சரித்திரம் அல்லாத கதைக்கு வண்ணம் அரிதாக இருந்த நேரம் அது. கோபுவோடு சேர்ந்து உருவாக்கிய கதை. புதுமுகம் ரவிச்சந்திரன். கணிசமான பகுதி ஆழியாறு அணைப் பக்கம்.

கதையின் எந்திரம் பொய். எஸ்டேட் முதலாளியின் மகளைக் காதலிப்பவன் தான் பணக்காரன் என்று ஒரு பொய் சொல்கிறான். பணக்காரனுக்கு அப்பா வேண்டுமே. நண்பன் கிழவேடம் போடுகிறான். அந்த நண்பன் காதலிக்கும் பெண்ணோ அதே முதலாளியின் இன்னொரு மகள். கடைசியில் உண்மையான அப்பா வந்து நிற்கிறார். ஒரு பொய்யை மூட அடுத்தது, அதை மூட இன்னொன்று. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி நழுவினாலும் சிரிப்பு நின்றுவிடும். நகைச்சுவை எழுதுகிறவர்கள் தனித்தனி ஜோக்குகளைக் கோத்துத் தோற்பதும் இதனால்தான். சிரிப்பு நிலைமையிலிருந்து வரவேண்டும்.

நாகேஷ் தன் அப்பாவாக நடித்த பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியைச் செலவுக் கண்ணால் ஒருமுறை பார்க்கவேண்டும். இரண்டு நடிகர்கள், உட்கார ஓர் இடம். திகில் படம் முழுவதும் நாகேஷின் வாயிலும் பாலையாவின் முகத்திலும் ஓடிவிடுகிறது. பேய் இல்லை, காடு இல்லை, இருட்டும் இல்லை. ஆறு பதிற்றாண்டு கழிந்தும் அது பார்க்கப்படுகிறது. வெட்டி ஒட்டினால் தாளம் போய்விடும் காட்சி இது. நடிகர்களை நம்பி நீளமாக விடவேண்டும். எழுதியவரே இயக்குநராக இருந்தால் அந்த நம்பிக்கை எளிதாக வரும்.

அடுத்த ஆண்டு 'வெண்ணிற ஆடை'. ஜெயலலிதா, ஸ்ரீகாந்த், நிர்மலா, மூர்த்தி என்று தமிழ்த்திரைக்குப் புதியவர்கள். பின்னிருவருக்கும் படத்தின் பெயரே அடைமொழியாக ஒட்டிக்கொண்டது. புதுமுகங்களை வைப்பதில் கதைக்கு வசதி, கால்ஷீட்டுக்கும் வசதி. ஆனால் ஒரு ஏரியாவுக்கு, அதாவது ஒரு வட்டாரத்துக்கு, படத்தை வாங்கும் விநியோகஸ்தர் நடிகர் முகத்தைப் பார்த்துத்தான் மினிமம் கியாரண்டி என்ற உறுதித் தொகையை முன்பணமாகத் தருவார். புதுமுகப் படத்துக்கு அந்த முன்பணம் குறையும். இயக்குநர் பெயரே நட்சத்திரமாக இருந்தால்தான் ஈடுகட்டும். 1965-ல் ஸ்ரீதரின் பெயருக்கு அந்த விலை இருந்தது.

அளவு பெருத்தபோது

எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கிய 'அன்று சிந்திய ரத்தம்' பாதியில் நின்றது. அந்தப் புரட்சிக் கதையின் கரு 1969-ல் சிவாஜி நடித்த 'சிவந்த மண்' ஆனது. ஐரோப்பாவில் படப்பிடிப்பு, வண்ணம், சாகசம். கூடவே ராஜேந்திர குமார், வஹீதா ரஹ்மான் நடிக்க இந்தியில் 'தர்த்தி' (1970).

தமிழில் படம் ஓடியது. ஆனால் தயாரிப்பு முறையில் எல்லாமே தலைகீழாகிவிட்டதைக் கவனிக்கவேண்டும். 'நெஞ்சில் ஓர் ஆலய'த்தில் கதை செலவைக் கட்டிப்போட்டது. இங்கே ஒவ்வொரு திருப்பமும் புதுச் செலவைக் கேட்கிறது. வெளிநாட்டுக்கு ஆட்களைக் கொண்டுபோக அந்நியச் செலாவணிக்கு அனுமதி வாங்கவேண்டிய காலம். இரண்டு மொழிக்கு இரண்டு கதாநாயகர்கள் என்றால் ஒரே கோணத்தை இரண்டு முறை எடுக்கவேண்டும். இறுதிப் படத்தின் ஒவ்வோர் அடிக்கும் நான்கு அடி வீதம் ஃபிலிம் செலவழித்தால் ஒரு மொழிக்கு 54,000 அடி. இரண்டு மொழிக்கு அது இரட்டிப்பு, அதுவும் வண்ண ஃபிலிம். முன்பெல்லாம் தமிழ்ப்படம் ஓடியதைப் பார்த்துவிட்டு இந்திக்குப் போனார். இந்த முறை பதில் தெரிவதற்கு முன்பே இரண்டிலும் பணம் இறங்கிவிட்டது.

வட்டிதான் அமைதியாகக் கொல்லும். கணக்குப் புரிய ஓர் எண் வைத்துக்கொள்வோம்: மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி. 28 நாளில் முடியும் படத்துக்கு நூறு ரூபாய்க்கு மூன்று ரூபாய். ஓர் ஆண்டு இழுத்தால் 36. கதையில் ஒரு மாற்றமும் இல்லாமல் படம் மூன்றில் ஒரு பங்கு விலை ஏறிவிடும். 1972-ல் தொடங்கிய 'வைர நெஞ்சம்' 1975-ல்தான் வெளிவந்தது. மூன்று ஆண்டு இழுத்த படத்தில் நடிகரின் உடல்வாகு மாறும், ரசனை மாறும், பாட்டு பழசாகும்.

இந்த நெருக்கடியிலிருந்து அவரை மீட்டது 1974-ல் எம்.ஜி.ஆர். நடித்த 'உரிமைக்குரல்'. இங்கே ஸ்ரீதர் செய்தது எழுத்தாளருக்குக் கசப்பான, ஆனால் நேர்மையான காரியம். எம்.ஜி.ஆர். படத்துக்கு என்று ஓர் இலக்கணம் உண்டு. நாயகன் தோற்கமாட்டான், தியாகம் செய்து மறையமாட்டான், அம்மாவையும் மண்ணையும் விட்டுக்கொடுக்கமாட்டான். தன் முத்திரையான தோற்ற காதலனை மூட்டைகட்டி வைத்துவிட்டு, ஸ்ரீதர் அந்த இலக்கணத்துக்குள் எழுதினார். வயல், வேட்டி, உரிமைச் சண்டை. படம் பெரிதாக ஓடியது. பிறகு 'மீனவ நண்பன்' (1977).

குழுவும் பிற்காலமும்

ஸ்ரீதரோடு இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தனியே போனார்கள். பி. மாதவன், சி.வி. ராஜேந்திரன் இயக்குநர்களானார்கள். வின்சென்ட் 1964-லேயே மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' இயக்கினார். கோபு 1972-ல் 'காசேதான் கடவுளடா' எடுத்தார். ஒரு பள்ளிக்கூடத்துக்கு இது பெருமை. ஒரு தயாரிப்பு நிறுவனத்துக்கு இழப்பு. பாதி வாக்கியம் சொன்னாலே புரிந்துகொள்ளும் ஆட்கள் போய், முழுதாக விளக்கவேண்டிய புதியவர்கள் வரும்போது அதே வேகம் கிடைக்காது.

1978-ல் 'இளமை ஊஞ்சலாடுகிறது'. கமல்ஹாசன், ரஜினிகாந்த், ஸ்ரீப்ரியா, ஜெயசித்ரா, இளையராஜா. தலைமுறை முழுதாக மாறிவிட்டது. கதையின் எலும்புக்கூடு 1959-ல் பார்த்த முக்கோணம்தான், பக்கம் மட்டும் மாறியிருந்தது. இரண்டு நண்பர்கள், ஒரு பெண், சொல்லாமல் விட்ட ஒன்று, அதற்குக் கொடுக்கும் விலை. இதையும் தெலுங்கில் 'வயசு பிலிச்சிந்தி' என்றும், பிறகு இந்தியில் 'தில்-ஏ-நாதான்' (1982) என்றும் அவரே இயக்கினார். இருபது ஆண்டுக்கும் முன்பே 'எதிர்பாராதது' செய்துகாட்டிய அதே வணிகம்.

1985-ல் மோகனும் ஜெயஸ்ரீயும் நடித்த 'தென்றலே என்னைத் தொடு' ஓடியது. கடைசிப் படம் 1991-ல் 'தந்துவிட்டேன் என்னை'. அதன் நாயகன், அப்போது பெரிதாக யாரும் அறியாத விக்ரம்.